மின் தொகுப்பின் அடுத்த சில மணி நேரம்: குறுகிய கால முன்கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரம் உற்பத்தியாகும் கணத்திலேயே செலவாகிவிடுகிறது. அணைநீரும் பேட்டரியும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். மற்றபடி, தொகுப்பில் (நிலையங்களும் கம்பிகளும் பயனர்களும் ஒன்றாக இணைந்த வலையில்) உள்ள எல்லோரும் சேர்ந்து இந்த நொடியில் இழுக்கும் மெகாவாட்டை இந்த நொடியிலேயே ஏதோ ஒரு நிலையம் தந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் ஆறிக் கிடக்கும் அனல் மின் நிலையக் கொதிகலன் ஒன்றைச் சூடேற்றி ஓட்டத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். தேவை நொடியில் மாறுகிறது, உற்பத்தி மணிக்கணக்கில் நகர்கிறது. இந்த இடைவெளியால்தான் முன்கணிப்பு தேவைப்படுகிறது. படிப்பவர்களும் புதிதாக வேலைக்கு வருபவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குறுகிய காலம் என்பது எவ்வளவு நேரம்?

பொதுவாக ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை. அதற்கும் குறைவாக, சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரை பார்ப்பதை மிகக் குறுகிய காலம் என்று தனியாகப் பிரிப்பார்கள். மாதங்கள் நடுத்தர காலத்திலும் ஆண்டுகள் நீண்ட காலத்திலும் சேரும்.

இந்தப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட, எந்த நேரத்துக்குள் என்ன முடிவை எடுக்க முடியும் என்று பார்ப்பது பயன் தரும். நாளை எந்த நிலையங்களை ஓட்டுவது என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டும். எரிவாயு டர்பைனுக்கு ஓரிரு மணி நேர அவகாசமே போதும். நீர்மின் நிலையத்துக்குச் சில நிமிடங்கள், பேட்டரிக்கு நொடிகள். எனவே ஒரு பெரிய தொகுப்பில் ஒரே சமயத்தில் பல முன்கணிப்புகள் ஓடும். காலையில் வந்த கணிப்பை மதியக் கணிப்பு திருத்தும், அதைப் பத்து நிமிடத்துக்கு முந்தைய கணிப்பு மறுபடி திருத்தும். பல நாடுகளில் ஒரு முழு நாளை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, 96 துண்டுகளுக்கும் தனித்தனியே எண் கொடுக்கிறார்கள்.

கணிப்பது மின்தேவையை மட்டும்தானா?

இல்லை. இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது அதிகம் விடுபடுவது இதுதான். தேவை, அதிலிருந்து காற்றாலையும் சூரிய மின்சாரமும் போக மிஞ்சும் நிகரத் தேவை, எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடும், எந்தத் துணை மின் நிலையத்தில் மின்னழுத்தம் எங்கே நிற்கும், கைவசம் எவ்வளவு இருப்பு (அவசரத்துக்கென்று தயாராக வைத்திருக்கும் உற்பத்தித் திறன்) மிஞ்சும் என்று எல்லாவற்றையும் கணிக்க வேண்டியிருக்கிறது. நாட்டின் மொத்தத் தேவையை ஒரு மெகாவாட் பிசகாமல் சொன்னாலும், அது வடக்கில் எவ்வளவு, தெற்கில் எவ்வளவு என்று தப்பாகப் பிரித்தால் நடுவில் இருக்கும் கம்பி தாங்காது.

2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் 12:33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கின. அன்று மின்சாரப் பற்றாக்குறை எதுவும் இல்லை. மின்னழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்தது, அதனால் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் துண்டித்துக்கொண்டன, ஒவ்வொரு துண்டிப்பும் அழுத்தத்தை இன்னும் ஏற்றியது. மெகாவாட் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி ஒன்று வருவது கண்ணில் படாது. ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் முன்னும் பின்னும் ஆடி, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சக்தியை) எங்கே யார் உறிஞ்சுவார்கள் என்பதும் முன்கணிப்பின் பகுதியாக வேண்டும்.

எதிர்காலம் இருக்கட்டும், இந்த நொடியில் தொகுப்பு எப்படி இருக்கிறது என்பதாவது சரியாகத் தெரியுமா?

அதுவும் ஒரு மதிப்பீடுதான். ஆயிரக்கணக்கான அளவுமானிகளிலிருந்து சில நொடிகளுக்கு ஒருமுறை ஸ்காடா (தொலைவிலிருந்து அளவுகளைத் திரட்டும் கண்காணிப்பு அமைப்பு) வழியாக எண்கள் வருகின்றன. சில தாமதமாக வரும், சில பிழையாக வரும், சில வரவே வராது. இவற்றை மின்சுற்று விதிகளோடு ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று முரணில்லாத ஒரே படமாக்கும் கணக்குக்கு நிலை மதிப்பீடு என்று பெயர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஃப்ரெட் ஷ்வெப்பி 1970இல் இதற்கு அடித்தளம் போட்டார். பின்னர் 1988இல் வர்ஜீனியா டெக்கில் அருண் ஃபாட்கே, ஜேம்ஸ் தார்ப் குழுவினர் ஃபேஸர் அளவீட்டுக் கருவியை உருவாக்கினார்கள். செயற்கைக்கோள் கடிகாரத்தோடு நேரத்தை ஒத்திசைத்து, நொடிக்குப் பல முறை அளவிடுவது இது. இரண்டு தொலைதூர இடங்களின் மின்னழுத்தக் கோண வேறுபாட்டை, அதாவது அங்குள்ள மின்னழுத்த அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக ஓடுகின்றன என்பதை, நேரடியாகக் காட்டும்.

நிகழ்காலப் படம் கெட்டால் முன்கணிப்பு முழுவதும் கெடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். சூட்டில் தொய்ந்த கம்பிகள் மரங்களில் உரசியது வெளியே தெரிந்த காரணம். ஆனால் அதற்கு முன்பே, அந்தப் பகுதியைக் கண்காணித்த மையத்தின் நிலை மதிப்பீட்டு மென்பொருள் மதியத்திலிருந்து சரியாக வேலை செய்யவில்லை. கம்பிகளுக்குச் சொந்தக்கார நிறுவனத்தில் எச்சரிக்கை மென்பொருளும் செத்துப்போயிருந்தது, அது செத்தது அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர்களால் கேட்கவே முடியவில்லை.

தேவையை எப்படிக் கணிக்கிறார்கள்?

மூன்று தூண்கள் என்று சொல்லலாம்: நாட்காட்டி, வானிலை, அண்மைக் கடந்தகாலம். எந்த மணி, எந்தக் கிழமை, விடுமுறையா என்பது முதலாவது. வெப்பம், ஈரப்பதம், மேகம், காற்று இரண்டாவது. நேற்று இதே நேரமும் போன வாரம் இதே நேரமும் எவ்வளவு ஓடியது என்பது மூன்றாவது.

இவற்றில் வெப்பநிலைக்கும் தேவைக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருக்காது. இதமான வெப்பத்தில் தேவை அடிமட்டத்தில் இருக்கும், இரு பக்கமும் ஏறும். குளிர் கூடினால் ஹீட்டர், வெயில் கூடினால் ஏசி. அதோடு, வெப்ப அலையின் முதல் நாளைவிட மூன்றாம் நாளில் அதே வெப்பநிலைக்கு அதிக மின்சாரம் ஓடும். சுவர்கள் இரவிலும் ஆறாமல் சூட்டைத் தேக்கி வைத்திருப்பதே காரணம். இன்றைய வெப்பத்தை மட்டும் பார்க்கும் மாதிரி (கணிப்பைத் தரும் கணக்குமுறை) இதைத் தவறவிடும்.

மனிதர்கள் கூட்டமாக ஒரே செயலைச் செய்யும்போதும் தேவை திடீரென்று நகரும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. ஆட்டம் பெனால்டியில் முடிந்ததும் பிரிட்டனின் தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் எகிறியது. கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து கெட்டிலைப் போட்டதன் அளவு அது. இதற்காகவே தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் அங்கே உண்டு.

காற்றும் வெயிலும் ஏன் இவ்வளவு சிக்கல்?

காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல் காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்துக் கணித்தால் ஆற்றலில் கால் பங்குக்கும் மேல் விட்டுவிடுவீர்கள். இன்னொரு பக்கம், காற்று மிகவும் பலமாக, பல காற்றாலைகளில் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டும்போது, தன்னைக் காத்துக்கொள்ள ஆலை நின்றுவிடும். முழு உற்பத்தியிலிருந்து பூஜ்யத்துக்கு. புயல் வரும் நாளில் "காற்று எவ்வளவு?" என்பதைவிட "அந்த எல்லையை எப்போது தாண்டும்?" என்ற கேள்வியே ஆட்டிப்படைக்கும்.

வெயிலில் தெளிந்த வானம் எளிது. சூரியன் எங்கே இருக்கும் என்று வானியல் துல்லியமாகச் சொல்லிவிடும். 2015 மார்ச் 20 சூரிய கிரகணத்தின்போது ஐரோப்பாவின் சோலார் உற்பத்தி சரிந்து, பின்னர் செங்குத்தாக ஏறியது. நேரம் நொடி சுத்தமாக முன்பே தெரிந்திருந்ததால், பல மாதங்கள் தயாராகி, பிரச்சினையின்றிக் கடந்தார்கள். சாதாரண மேகம் அதைவிடத் தொல்லை. அடுத்த ஓரிரு மணி நேரத்துக்குச் செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் நகர்வைப் பின்தொடர்வது நல்ல பலன் தரும். அதைத் தாண்டினால் வானிலை மாதிரிகளைத்தான் நம்ப வேண்டும். காலைப் பனிமூட்டம் எப்போது விலகும் என்பதில் அந்த மாதிரிகள் இன்றும் தடுமாறுகின்றன.

கூரைமேல் சோலார் பெருகியதில் இன்னொரு தலைவலி. வீட்டுக்காரர் தன் கூரையில் எடுத்து அங்கேயே செலவழித்த மின்சாரம் தொகுப்பின் அளவுமானியில் தெரியாது. தேவை குறைந்ததுபோல் தோன்றும். மேகம் மூடியதும் அதே தேவை திடீரென்று முளைக்கும். கலிஃபோர்னியா தொகுப்பு இயக்குநர் அமைப்பு 2013இல் வெளியிட்ட வாத்து வடிவ வளைகோடு இதன் ஒரு முகத்தைக் காட்டியது: நண்பகலில் அமுங்கி, சூரியன் சாயும் நேரத்தில் சுவர்போல் ஏறும் நிகரத் தேவை.

கம்பியின் கொள்ளளவையும் கணிக்க வேண்டுமா? அது மாறாத எண் அல்லவா?

வெகுகாலம் மாறாத எண்ணாகத்தான் வைத்திருந்தார்கள். உண்மையில் கம்பி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை அதன் சூடு தீர்மானிக்கிறது. சூடேறினால் கம்பி நீண்டு தொய்யும், தரைக்கும் மரத்துக்கும் நெருங்கும். குளிர்ந்த நாளில், குறுக்கே காற்று வீசும்போது, அதே கம்பியில் இன்னும் கணிசமாக அனுப்பலாம். அமெரிக்காவின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021 டிசம்பரில் பிறப்பித்த 881ஆம் ஆணை, சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்பக் கம்பிகளின் திறனை மணிக்கு மணி கணிக்க வேண்டும், அடுத்த பத்து நாட்களுக்கும் தர வேண்டும் என்கிறது. இருக்கும் கம்பியிலேயே கூடுதல் இடம் கிடைக்கிறது என்பதால் இதை மிகவும் வரவேற்கிறேன்.

எவ்வளவு துல்லியம் சாத்தியம்?

பெரிய நாட்டு அளவிலான தொகுப்பில் மறுநாள் தேவைக் கணிப்புக்கு 1 முதல் 3 சதவீதச் சராசரிப் பிழை நல்ல தரம். ஒற்றை வீட்டுக்கு அதே முறையைப் போட்டால் 20, 30 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும். லட்சக்கணக்கான வீடுகளின் தற்செயல்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால்தான் பெரிய தொகுப்பு எளிதாகிறது.

சராசரிச் சதவீதத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். 1,00,000 மெகாவாட் தொகுப்பில் 3 சதவீதம் என்றால் 3,000 மெகாவாட். பின்னிரவு மூன்று மணிக்கு அந்தப் பிழை யாரையும் தொடாது, மாலை உச்சத்தில் அதே பிழை இருப்பையெல்லாம் விழுங்கும். ஆண்டு முழுவதும் சராசரியாக நன்றாக இருந்து, ஆண்டின் பத்து மோசமான மாலைகளில் தவறும் மாதிரியை நான் நல்ல மாதிரி என்று ஏற்கமாட்டேன்.

ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் ஒரு குறை: சோதனையின்போது வெப்பநிலைக் கணிப்பைக் கொடுக்காமல், பின்னர் உண்மையில் அளந்த வெப்பநிலையைக் கொடுத்துவிடுவார்கள். நாளைய வெப்பம் முன்கூட்டியே தெரிந்த ஒருவருக்கு நாளைய தேவை எளிதுதான். கட்டுப்பாட்டு அறையில் அந்த வசதி கிடையாது. கட்டுரையில் 1 சதவீதம் காட்டிய மாதிரி நேரடிப் பயன்பாட்டில் பிழை கூடுவதற்கு முக்கியக் காரணம் இது.

ஒரே ஒரு எண் சொன்னால் போதாதா? நிகழ்தகவு எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

2020 ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைக்கும்படி இந்திய மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை, பழைய தரவு எதுவும் கிடையாது. தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று தேசியத் தொகுப்பை இயக்குபவர்கள் மதிப்பிட்டார்கள். குறைந்தது 31,089 மெகாவாட். இருமடங்குக்கும் மேலான பிழை. ஆனாலும் தொகுப்பு விழவில்லை. அதிர்வெண் (உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தால் இந்தியாவில் 50 ஹெர்ட்ஸில் நிற்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும், குறைந்தால் இறங்கும்) 49.7க்கும் 50.26 ஹெர்ட்ஸுக்கும் நடுவே ஆடி, மீண்டும் நிலைக்கு வந்தது.

எப்படி? மதிப்பிட்ட எண்ணோடு அவர்கள் தயாரிப்பை நிறுத்திக்கொள்ளவில்லை. விரைவாக ஏறி இறங்கக்கூடிய நீர்மின்சாரத்தை அந்த மாலைக்கென்றே சேர்த்து ஓட்டிவைத்திருந்தார்கள். விளக்குகள் அணையத் தொடங்கியதும் நீர்மின் உற்பத்தியை மட்டும் சுமார் 17,500 மெகாவாட் இறக்க முடிந்தது, விளக்குகள் எரிந்ததும் திரும்ப ஏற்ற முடிந்தது. எண் தவறியது, அந்த எண் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு இடம்விட்டிருந்த திட்டம் தவறவில்லை. நல்ல முன்கணிப்பு இரண்டையும் சொல்ல வேண்டும்: நடக்க வாய்ப்பு அதிகமுள்ள எண் என்ன, அது எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் விலகக்கூடும்.

அன்றாட வேலையில் இந்த விரிவை எப்படிப் பெறுவது? ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல் இதைச் செய்கிறது. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே நாளைப் பல முறை கணக்கிடுகிறது, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை. ஒவ்வொரு வானிலையையும் தேவை மாதிரியில் செலுத்தினால் அத்தனை நாளைகள் கிடைக்கும். அவை நெருக்கமாக இருந்தால் தைரியமாகத் திட்டமிடலாம், சிதறிக் கிடந்தால் இருப்பைக் கூட்டவேண்டும்.

எவ்வளவு கூட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு மெகாவாட் குறைத்துக் கணித்தால் வரும் நஷ்டம், ஒரு மெகாவாட் கூட்டிக் கணித்தால் வரும் நஷ்டத்தைப்போல் ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது நடுமதிப்புக்குத் திட்டமிடுவது பிசகு. பத்தில் ஒன்பது சாத்தியங்கள் எந்த எண்ணுக்குள் அடங்குகின்றனவோ, அந்த எண்ணுக்குத் திட்டமிட வேண்டும். ஒற்றை எண்ணை மட்டும் கையில் கொடுத்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

விரிவு சொல்பவர் நேர்மையாகவும் சொல்ல வேண்டும். 90 சதவீத எல்லை என்றால் நூறு முறையில் சுமார் பத்து முறை உண்மை அதற்கு வெளியே விழ வேண்டும். ஒருமுறைகூட விழவில்லையென்றால் எல்லை வீணாக அகலம், முப்பது முறை விழுந்தால் ஆபத்தான குறுகல்.

முன்கணிப்பு சரியாக இருந்தும் மின்தடை வருகிறதே?

வரும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் வரப்போவது நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, அந்தக் குளிரில் எத்தனை மின் நிலையங்களும் எரிவாயு வழிகளும் உறைந்து நிற்கும் என்பது. 15ஆம் தேதி அதிகாலை அதிர்வெண் (அங்கே இயல்பு 60 ஹெர்ட்ஸ்) 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 நிமிடம் 23 நொடி இருந்தது. அங்கேயே ஒன்பது நிமிடம் நின்றிருந்தால் ஜெனரேட்டர்கள் தாமாகக் கழன்றுகொண்டிருக்கும். தொகுப்பைக் காப்பாற்ற 20,000 மெகாவாட் சுமையை வெட்ட நேர்ந்தது. தேவையைக் கணிக்கும் அதே அக்கறையோடு உற்பத்தி நிலையங்களின் செயலிழப்பையும், அவை எல்லாம் ஒரே வானிலையில் சேர்ந்து செயலிழப்பதையும் கணிக்க வேண்டும்.

வேறு சில நிகழ்வுகளை எந்த முன்கணிப்பும் பிடிக்காது. 2019 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தில் ஒரு மின்னல் விழுந்தது. அதையடுத்து ஒரு கடல் காற்றாலைப் பண்ணையும் ஒரு எரிவாயு நிலையமும் அடுத்தடுத்துச் சறுக்க, சிறு உற்பத்தியாளர்கள் பலரும் கழன்றார்கள். கைவசம் 1,000 மெகாவாட் இருப்பு, இழந்ததோ 1,878. அதிர்வெண் இயல்பான 50இலிருந்து 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தாமாகத் துண்டிக்கப்பட்டன. மின்னல் எந்த நிமிடம் விழும் என்று சொல்ல முடியாது. இடிமழை வரும் மாலையில் ஒன்றுக்கு மேற்பட்ட உபகரணங்கள் சேர்ந்து விழும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட அதிகம் என்று மட்டும் சொல்லலாம். அதுவே இருப்பின் அளவை மாற்றப் போதுமான செய்தி.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் தீர்ந்துவிட்டதா?

இந்தத் துறைக்கு நரம்பு வலையமைப்புகள் (தரவிலிருந்து தாமே கற்கும் கணினி மாதிரிகள்) புதிதல்ல, 1990களின் தொடக்கத்திலேயே தேவைக் கணிப்பில் வந்துவிட்டன. 2012, 2014 ஆண்டுகளில் நடந்த உலகளாவிய எரிசக்தி முன்கணிப்புப் போட்டிகளில் பல முறைகள் ஒரே தரவில் மோதின. நுணுக்கமாக அமைத்த எளிய முறைகளும் அங்கே மதிப்பாக நின்றன. இன்றைய ஆழ்கற்றல் மாதிரிகள் (பல அடுக்கு நரம்பு வலையமைப்புகள்) பல இடங்களில் உண்மையிலேயே முன்னேற்றம் தந்துள்ளன, குறிப்பாக ஆயிரக்கணக்கான துணை மின் நிலையங்களை ஒரே மாதிரியால் கணிக்கும்போது.

ஆனால் கற்றது கடந்தகாலத்திலிருந்து. 2020 ஊரடங்கில் பழக்கங்கள் ஒரே வாரத்தில் மாறியபோது, ஆண்டுக்கணக்கான தரவில் பழகிய மாதிரிகள் தொடர்ந்து கூட்டியே சொல்லின. அண்மை நாட்களுக்கு அதிக எடை கொடுத்தவை விரைவில் மீண்டன. கம்பியோட்டங்களையும் மின்னழுத்தங்களையும் கணிக்கும்போது இன்னொரு கண்டிப்பு வேண்டும்: ஒரு முனையில் நுழைவதும் வெளியேறுவதும் சமமாக இருக்க வேண்டும் என்ற கிர்ச்சாஃப் விதியை மீறும் விடை, எவ்வளவு அழகான வரைபடத்தில் வந்தாலும், குப்பை.

கட்டுப்பாட்டு அறையில் மனிதருக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

நிறைய. திருவிழா, வேலைநிறுத்தம், பெரிய ஆலை ஒன்று பராமரிப்புக்கு மூடுவது போன்றவை மாதிரிக்குத் தெரியாமலிருக்கலாம், பணியில் இருப்பவருக்குத் தெரியும். அவர் எண்ணைத் திருத்தட்டும். திருத்தியதையும் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும், மாதக் கடைசியில் மாதிரி சொன்னதையும் அவர் திருத்தியதையும் உண்மையோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாத இடங்களில் கணிப்பு ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது.

இதைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் தொகுப்பின் மணிவாரித் தேவைத் தரவு பொதுவெளியில் கிடைத்தால் இரண்டு ஆண்டுக்கானதை எடுங்கள். முதலில் எந்த மாதிரியும் வேண்டாம். போன வாரம் இதே நாள், இதே மணியில் ஓடியதையே கணிப்பாக வைத்துப் பிழையைக் கணக்கிடுங்கள். இனி எதைக் கட்டினாலும் அந்தப் பிழையைவிடக் குறைவாக வர வேண்டும். அடுத்து வெப்பநிலையையும் விடுமுறையையும் சேர்த்து ஒரு எளிய பின்னடைவு மாதிரி (regression: இவை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்று தரவுக்கு ஒரு சூத்திரம் பொருத்துவது) போடுங்கள். சோதனைக்கு அன்று காலையில் உண்மையாகவே கிடைத்திருக்கக்கூடிய வானிலைக் கணிப்பை மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு பிழை மிக அதிகமாக வந்த இருபது நாட்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று செய்தித்தாளையும் வானிலைப் பதிவையும் வைத்துத் தேடிப் பாருங்கள். மாதிரியில் அடுத்து எதைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்த இருபது நாட்களே காட்டிவிடும்.